அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப்: எங்கே தேடுவது, எதை வைத்து எடைபோடுவது? (கேள்வி பதில்)

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ராப் கேட்பவர்களும் எழுதுபவர்களும் அனுப்பிய கேள்விகள் குவிந்துவிட்டன. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் கலைஞர்கள் தாங்களே வெளியிடும் ‘அண்டர்கிரவுண்ட்’ பாடல்களைத் தேடிக் கேட்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதும்தான் என் வேலை. அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, யூடியூப் எனக்குத் திரும்பத் திரும்ப அதே நாலு பேரைத்தான் காட்டுகிறது. புதியவர்களை எங்கே போய்த் தேடுவது?

தம்பி, யூடியூப் நீங்கள் ஏற்கெனவே கேட்டதை வைத்துத்தான் அடுத்ததைக் காட்டும். அதனிடம் புதியவர்களை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. பாட்டுக்குக் கீழே இருக்கும் பெயர்களைப் படிக்கத் தொடங்குங்கள். பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) அமைத்தவர் யார், குரலையும் இசையையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்கைச் செய்தவர் யார், நடுவில் ஒரு சரணம் மட்டும் பாடிவிட்டுப் போன விருந்தாளி யார் என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் பேண்ட்கேம்ப் (கலைஞர்கள் ஆல்பங்களை நேரடியாக விற்கும் தளம்), சவுண்ட்கிளவுட் (பாடல்களை ஏற்றிப் பகிரும் தளம்), யூடியூப் மூன்றிலும் தனித்தனியாகத் தேடுங்கள். 2019இல் வெளியான ‘தெருக்குரல்’ ஆல்பத்தை, அதில் பாடிய ராப்பர் ‘அறிவு’க்காக மட்டும் கேட்டவர்கள் அந்த ஒரு ஆல்பத்தோடு நின்றுவிட்டார்கள். அதற்கு இசையமைத்த ஆஃப்ரோவின் பெயரைப் பின்தொடர்ந்தவர்களுக்கு வேறு பல குரல்கள் கிடைத்தன.

பேண்ட்கேம்ப்பில் இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஆல்பத்தின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் அனைத்தும் திறக்கும். உங்களுக்குப் பிடித்த, யாரும் பேசாத ஓர் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கிய அந்நியர் ஒருவரின் சேகரிப்பு எந்தப் பரிந்துரைப் பட்டியலையும்விட நம்பகமானது. சவுண்ட்கிளவுட்டில் கலைஞர் ஏற்றிய பாடல்களோடு அவர் விருப்பம் தெரிவித்தவற்றையும் மறுபகிர்வு செய்தவற்றையும் பாருங்கள்; அவருடைய கூட்டாளிகள் அங்கேதான் இருப்பார்கள்.

சிறு லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) வெளியிட்டவற்றின் முழுப் பட்டியலையும் புரட்டுவது மூன்றாவது வழி. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஸ்டோன்ஸ் த்ரோ, மினியாபோலிஸின் ரைம்சேயர்ஸ், பில்லி வுட்ஸ் நடத்தும் பேக்வுட்ஸ் ஸ்டூடியோஸ், நம் நாட்டில் 2017இல் டெல்லியில் தொடங்கிய ஆசாதி ரெக்கார்ட்ஸ் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். தமிழ் என்றால் சென்னையோடு நிறுத்திவிடாதீர்கள்: மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இலேயே முழு ஆல்பம் வெளியிட்டுவிட்டார்கள், டொராண்டோவில் யாஞ்சனும் ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கத்தின் மேல் ராப் பாடியிருக்கிறார்கள், இலங்கையில் ஒரு தனிக் கூட்டமே இயங்குகிறது.

ஓசூரிலிருந்து ஒருவர்: என் பாட்டுக்கு மூவாயிரம் வியூஸ் வந்திருக்கிறது. நல்ல பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது, மோசமான பாட்டு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் முப்பது விநாடி கேட்டுவிட்டால் அது ஒரு முழு எண்ணிக்கையாக, அதாவது ஒரு ‘ஸ்ட்ரீம்’ ஆகப் பதிவாகிவிடுகிறது. முப்பத்தொன்றாவது விநாடியில் அவர் முகம் சுளித்து மாற்றினாரா, கடைசிவரை கேட்டாரா என்பது அந்த எண்ணில் தெரியாது. இன்னொரு எச்சரிக்கை: “காசு கொடுங்கள், பிளேலிஸ்ட்டில் ஏற்றுகிறோம்” என்று வரும் செய்திகளுக்குப் பதிலே போடாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் பாட்டு நீக்கப்படலாம்; 2024 முதல் அத்தகைய பாட்டுக்காக, உங்கள் பாட்டைத் தளத்தில் ஏற்றித் தரும் விநியோகிப்பாளரிடம் ஸ்பாட்டிஃபை அபராதமும் வசூலிக்கிறது, அது கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தமிழாசிரியை: என் மாணவர்கள் ஏழு ராப் பாடல்கள் கொண்ட ஆல்பம் ஒன்றைத் தயாரித்து, கருத்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ராப் பழக்கமில்லை. எதை அளவுகோலாகக் கொள்வது?

இன்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, டீச்சர். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அளவுகோலே பாதி வேலையைச் செய்துவிடும்.

முதல் முறை கேட்கும்போது குறிப்பு எடுக்காமல், அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே இடைநிறுத்தாமல் கேளுங்கள். ஏழு பாடல்களும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, அல்லது கையில் இருந்ததையெல்லாம் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்களா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை வரிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ராப்பில் மிக மலிவான வித்தை வினைமுற்றில் முடிப்பது: வந்தேன், பார்த்தேன், ஜெயித்தேன் என்று அடுக்கினால் இயைபு தானாக வந்து விழும், அதற்கு எழுதியவர் எந்த உழைப்பும் போடவில்லை. இதற்கு மாறாக, சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பையன் இப்படி எழுதினான் என்று வைத்துக்கொள்வோம்:

“மூணாவது ஷிப்டு முடிஞ்சாலே லேட்டு,
மூடின கேட்டுல முட்டுது பாட்டு.”

இதில் மோனை இருக்கிறது, லேட்டு–கேட்டு–பாட்டு என்ற ஓசை வரிக்கு நடுவிலும் கடைசியிலும் மாறி மாறி விழுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அவன் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. யாப்பில் எதுகை அடியின் தொடக்கத்தில் வேலை செய்யும். ராப்பில் கனம் பெரும்பாலும் அடியின் இறுதியில் விழும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதை நீங்களே எனக்குச் சொல்லித் தருவீர்கள்.

மூன்றாம் முறை குரல் தாளத்தில் எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். பொதுவாக நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்நேர் (‘டப்’ என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்) அடிக்கும். அந்த இடத்தில் முக்கியமான சொல் விழுகிறதா, வெறும் விகுதி விழுகிறதா? இடத்தை நிரப்புவதற்காகக் குறிலை நெடிலாக இழுக்கிறார்களா? இழுத்தால், ‘படம்’ என்று எழுதியது ‘பாடம்’ என்று காதில் விழும். இது பாடும்போது வந்த பிழையாகத் தோன்றினாலும், தாளத்தை மனத்தில் வைக்காமல் எழுதியதில்தான் அதன் வேர் இருக்கிறது. மூச்சு எடுக்கும் இடத்தையும் பாருங்கள். நீண்ட வரியை ஒரே மூச்சில் பாடியிருக்கிறார்களா, துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டியிருக்கிறார்களா என்பது தெரியும். ஒட்டுவது குற்றமில்லை, ஆனால் மேடையில் அந்த வரியை எப்படிப் பாடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் இயல்பாகக் கலந்திருக்க, பிள்ளைகள் மைக் முன்னால் வந்ததும் வடசென்னைப் பேச்சுக்குத் தாவிவிடுகிறார்கள். உங்கள் மாணவர்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே பாடியிருந்தால் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

அது என் துறை அல்ல. இருப்பதிலேயே கேளுங்கள், பிறகு ஒரு முறை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அதில் பேஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அதன் பிறகும் பாட்டு நிற்கிறதா என்பதே சோதனை.

பென்னாகரத்திலிருந்து: யூடியூப்பில் கிடைக்கும் ‘டைப் பீட்’டை (பிரபல கலைஞர் ஒருவரின் பாணியில் செய்து விற்கும் பீட்) லீஸுக்கு வாங்கிப் பாடியவரைச் சுயாதீனக் கலைஞர் என்று சொல்லலாமா? பீட் அவருடையது இல்லையே?

சொல்லலாம், ஆனால் காகிதத்தைப் படித்துவிட்டு. லீஸ் என்பது பெரும்பாலும் பலருக்கும் கொடுக்கப்படும் அனுமதி. அதே பீட்டில் வேறு பலரும் பாடியிருப்பார்கள். எத்தனை ஸ்ட்ரீம் வரை செல்லும், எம்பி3 மட்டுமா, வேவ் கோப்பு உண்டா, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கிடைக்குமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். தலைப்பில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருந்தாலும், பெரும்பாலும் வருமானம் ஈட்டாத வரைக்கும்தான் இலவசம். முக்கியமாக, லீஸ் பீட்டில் பாடிய பாட்டை யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு வீடியோக்களில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) பதியாதீர்கள். தனியுரிமை இல்லாததைப் பதிய அங்கே அனுமதியில்லை, பதிந்தால் அதே பீட்டை வாங்கிய மற்றவர்கள் மீதெல்லாம் உரிமைக்கோரல் பாயும்.

(இந்தப் பதிலுக்கு உடனே மறுப்புகள் வந்தன. அவற்றையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.)

ஓசூரிலிருந்து ஒரு பீட் தயாரிப்பாளர்: அண்ணா, நீங்கள் சட்டத்தைச் சொன்னீர்கள். நான் தரத்தைக் கேட்கிறேன். நூறு பேர் பாடிய பீட்டில் நூற்றியொன்றாவதாகப் பாடியவருக்கும், மாதக்கணக்கில் உட்கார்ந்து சொந்தமாக அமைத்தவருக்கும் ஒரே மதிப்பெண்ணா?

ஒரே மதிப்பெண் இல்லை; எழுத்துக்கும் குரலுக்கும் தனி மதிப்பெண், இசைக்குத் தனி மதிப்பெண். உங்கள் கோபம் நியாயமானது, ஏனென்றால் லீஸ் பீட்டில் பாடியவர்களில் பலர் அதை அமைத்தவரின் பெயரைக்கூடப் போடுவதில்லை. பெயர் இல்லாத ஆல்பத்தை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன். ஆனால் அடுத்தவர் இசையில் பாடுவதையே குறையாகச் சொன்னால் ஹிப் ஹாப்பின் பிறப்பையே மறுக்க வேண்டியிருக்கும். ஹிப் ஹாப் பிறந்த நாளாகச் சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் அடுத்தவர்களின் இசைத்தட்டுகளைத்தான் சுழற்றினார். அவர் பிறந்த ஜமைக்காவிலோ, ஒரே ‘ரிடிம்’மில், அதாவது ஒரே பின்னணி இசையில், பல பாடகர்கள் தத்தம் பாட்டைப் பாடி வெளியிடுவது வழக்கம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர்: ஜமைக்காவுக்குப் போக வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கூத்து ஆடுகிறவர்கள் உண்டு. அதே வர்ணமெட்டில்தான் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறார்கள். யாரும் “மெட்டு உன்னுடையதா?” என்று கேட்டதில்லை.

அருமையான சான்று. பாரதக் கூத்தில் கர்ணன் வேடக்காரரை நாம் மெட்டுக்காக மதிப்பதில்லை. தெரிந்த மெட்டில் அவர் என்ன செய்கிறார் என்றுதான் விடிய விடியக் காத்திருக்கிறோம்.

மீண்டும் ஓசூர் தயாரிப்பாளர்: கூத்தில் மெட்டு ஊருக்குப் பொது. நான் அமைத்த பீட் பொது இல்லை. அது என் சோறு.

இந்த இடத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்றே சொல்வேன். மரபின் பொதுச்சொத்தையும் ஒருவர் விலைக்கு விற்கும் உழைப்பையும் ஒன்றாகப் பேசக் கூடாது. ஆகவே பென்னாகரம் நண்பருக்கு என் பதிலைத் திருத்தமாகச் சொல்கிறேன்: லீஸ் பீட்டில் பாடியவர் சுயாதீனக் கலைஞரே, ஆனால் காசு கொடுத்து, பெயர் போட்டு, வாங்கிய காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும். இதன்பிறகு இருபதுக்கும் மேற்பட்டோர் இரு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் இதே இரண்டு கட்சிதான் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தருமபுரியிலிருந்து: பழைய சினிமாப் பாட்டின் துண்டை எடுத்து பீட் செய்யலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவர் மறைந்தபின் 60 ஆண்டு. இரண்டும் தனித்தனி உரிமைகள். இதற்கு மேல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அரூரிலிருந்து: பத்தாயிரம் வியூஸ் வந்தால் காசு வருமா?

எண்ணிக்கையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பங்கு தருவதில்லை. யூடியூப்பின் கணக்கு வேறு. அவர்கள் விதிகளைப் படியுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: பேண்ட்கேம்ப்பில் காசு கொடுத்து வாங்கினால் கலைஞருக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

டிஜிட்டல் ஆல்பத்தில் 15 சதவீதமும், கேசட், டி-ஷர்ட் போன்ற பொருள்களில் 10 சதவீதமும் தளம் எடுத்துக்கொள்ளும். பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாள்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: பேண்ட்கேம்ப் பணத்தைக் கையாளப் பயன்படுத்தும் பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஆகவே இந்தியக் கலைஞர் என்றால், தயங்காமல் அவருக்கே செய்தி அனுப்பி யூபிஐ எண்ணைக் கேட்டு அனுப்பிவிடுங்கள். இடையில் யாரும் பங்கு எடுக்க மாட்டார்கள்.

பர்கூரிலிருந்து: ஒரு பாட்டு ஏஐயில் செய்ததா என்று காதால் கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. பீட் அமைத்தவர், மிக்ஸிங் செய்தவர் பெயர்கள் உண்டா, அவர்களுக்கு வேறு வேலைகள் உண்டா, பாடியவர் எங்காவது நேரில் பாடியிருக்கிறாரா என்று பாருங்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: மூவாயிரம் ரூபாய்க்கு ஐம்பதாயிரம் ஸ்ட்ரீம் தருவதாகச் சொல்கிறார்கள்...

ஓசூர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். “என் லிங்க்கைக் கேளுங்கள் அண்ணா” என்று மட்டும் அனுப்பியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வரிகளையும், உழைத்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்பினால் கேட்பேன், வெறும் லிங்க்கைத் திறப்பதில்லை.

காரிமங்கலத்திலிருந்து: ஃபிளாக் கோப்பு (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) என்று சொல்லிக் கொடுத்தது உண்மையிலேயே ஃபிளாக்தானா என்று எப்படி அறிவது? வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது?

‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அலைவரிசைப் படம் தெரியும். 16 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது போல மேலே எல்லாம் காலியாக இருந்தால், அது 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃபிளாக்காக மாற்றியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேண்டுமென்றே மங்கலான ஒலியில் செய்த பாடல்களும் உண்டு என்பதால், குற்றம் சாட்டுவதற்கு முன் கலைஞரிடமே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு என்றால், வாங்கியதை உடனே இறக்கி இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸில் ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் அழிந்துபோனதாக அந்த நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. கோப்பின் பெயரில் கலைஞர், ஆல்பம், ஆண்டு, பீட் அமைத்தவர் நான்கையும் எழுதி வையுங்கள். அட்டைப் படத்தையும் வரிகளையும் அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.