லயத்தைக் காப்பாற்ற அரசாங்கம் பணம் தருமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கருங்கல்லில் கட்டிய பத்துக் காம்பறா (அறை) லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, ஒன்று இருக்கிறது. எல்லோரும் தனிவீட்டுக்குப் போய்விட்டார்கள். கம்பனி அதை இடிக்கப் போகிறதாம். நினைவகமாகப் பாதுகாக்க அரசாங்கப் பணம் கேட்கலாமா? தொல்பொருள் திணைக்களம் பொறுப்பெடுக்குமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அம்மி கிடந்த இடம் குழிந்திருக்கிறது. அடுப்புப் புகை ஏறிய சுவர் இன்னும் கறுப்பாகவே நிற்கிறது. இதை இடிக்க விடக்கூடாது. ஆனால் பணத்தைத் தேடும் முன் பத்திரத்தைத் தேடுங்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் இலங்கையின் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 முதல் கம்பனிகளுக்குக் குத்தகை. உங்கள் தோட்டமும் அப்படியென்றால் கம்பனி குத்தகைக்காரர்தான், சொந்தக்காரர் இல்லை. அதனால் தொரை (தோட்ட நிர்வாகி) வாய்வார்த்தையாகச் 'சரி' என்றால் அது போதாது. அந்த இடத்தில் உங்களுக்கு எழுத்தில் ஓர் அனுமதி இல்லாமல் எந்தத் திணைக்களமும் அங்கே பொதுப்பணத்தைச் செலவிடத் துணியாது. இடிப்பதற்குக் கம்பனிக்கு உரிமை இருக்கிறதா என்பதும் குத்தகை ஒப்பந்தத்தில்தான் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016 இன் 12 ஆம் இலக்கம்) ஒப்பந்தப் பிரதியை, காணியைக் குத்தகைக்குக் கொடுத்த அரச நிறுவனத்திடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்தது தொல்பொருள் திணைக்களம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்பதற்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்தியவைதான் அந்த எல்லைக்குள் வரும். நம் மக்கள் கோப்பித் தோட்டத்துக்கு மலையேறியதே அதற்குப் பிறகு. ஆகவே எந்த லயமும் அந்த எல்லைக்குள் வராது. எத்தனை தலைமுறை அதில் பிறந்து வளர்ந்திருந்தாலும் இதுதான் நிலை. எனக்கு இது மனதை உறுத்தும் விஷயம். ஆனாலும் வழி அடைபடவில்லை. பிற்காலக் கட்டிடத்தையும் அமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கலாம். அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலாளர் ஊடாகத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். அறிவிப்பு வந்துவிட்டால் அனுமதியில்லாமல் யாரும் கட்டிடத்தில் கை வைக்க முடியாது. நீங்களும்தான்! பணம் மட்டும் தானாக வந்து சேராது.

பணத்துக்கு முதலில் பிரதேச சபையைக் கேளுங்கள். தோட்டக் குடியிருப்பு என்றாலே சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரித்த காலம் ஒன்று இருந்தது. 2018 இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை நீக்கினார்கள். யாராவது பழைய பதிலையே சொன்னால் இந்தத் திருத்தத்தைக் காட்டுங்கள். தனி ஆளாகப் போகாமல், பதிவு செய்த சங்கமாக, வங்கிக் கணக்கோடு போங்கள். நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களைக் கம்பளைப் பக்கம் கூட்டிப் போங்கள். அங்கே பழைய லயத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அதுவரை நல்லெண்ணத்தில்கூட சீமெந்து பூசாதீர்கள், வர்ணம் அடிக்காதீர்கள். ஒவ்வொரு காம்பறாவையும் அளந்து, படமெடுத்து, யார் யார் இருந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். விண்ணப்பத்துக்கு அதுவே பெரிய பலம்.

இடிக்கும் திகதி தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். ஒப்பந்தப் பிரதி கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கடிதங்கள் எல்லாம் பதிவுத் தபாலில் போகட்டும், பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.