ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) ஏறவில்லை, பி2138 என்ற பிழைக் கோடு (code) வருகிறது: பெடல் சென்சாரை மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உண்டு. அவற்றின் வோல்டேஜ் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாத ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), லிம்ப் மோடுக்கு, அதாவது என்ஜின் சக்தியைக் குறைத்து ஓட்டும் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடுகிறது.

என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் (பிழைக் கோடுகளைப் படிக்கும் கருவி) லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அப்போது காட்டும் அளவுகளைப் பாருங்கள். பல வண்டிகளில் கால் வைக்காதபோது முதல் சிக்னல் சுமார் 0.75 வோல்ட், இரண்டாவது அதில் பாதி. (சில மாடல்களில் விகிதம் வேறு, சர்வீஸ் மேனுவலே கணக்கு.) மெதுவாக முழுக்க மிதியுங்கள். விகிதம் மாறாமல் இரண்டும் சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எண் குதித்தால், பழைய தேய்மான வகை சென்சாரில் டிராக் (உள்ளே உரசும் தடம்) போய்விட்டது; அப்போது பெடலை அசெம்பிளியோடு மாற்றத்தான் வேண்டும்.

இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பெரும்பாலும் ஆறு வயர்: இரண்டு 5 வோல்ட், இரண்டு கிரவுண்ட், இரண்டு சிக்னல். 5 வோல்ட் வரவில்லையா? பெடல் மேல் பழி போடாதீர்கள். அதே சப்ளையில் இருக்கும் வேறு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கிரவுண்டில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில் துரு இருக்கலாம். வயரை ஆட்டும்போது அளவு துள்ளினால் கனெக்டர் பின் தளர்ந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும், கோடே வராமல் வேகம் மட்டும் எடுக்கவில்லை என்றால் பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பிரேக் மிதிபட்டே இருப்பதாக ஈசியூ நினைத்தால், பல வண்டிகளில் ஆக்சிலரேட்டரைக் கண்டுகொள்ளாது.