ஷரீஆ குழு கையெழுத்துப் போட்டாயிற்று, சரி. அப்புறம் யார் பார்ப்பது?

ஷரீஆ எனும் இஸ்லாமியச் சட்டப்படி, வட்டி இல்லாமல் நடப்பதாகச் சொல்லும் இஸ்லாமிய வங்கிகளைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில்தான்: ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

கேள்வி: முராபஹாவில் (வங்கி பொருளை வாங்கி, லாபம் சேர்த்து நமக்கு விற்பது) வங்கி வைக்கும் லாபம், மற்ற வங்கிகளின் வட்டி விகிதத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. பிறகு என்ன வித்தியாசம்?

பதில்: விலையை எதைப் பார்த்து வைத்தார்கள் என்பதால் மட்டும் வியாபாரம் வட்டியாகிவிடாது என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. உங்களுக்கு விற்பதற்கு முன் அந்தப் பொருள் வங்கியின் உடைமையாக இருந்ததா? அந்த இடைவெளியில் அது சேதமாகியிருந்தால் நஷ்டம் யாருக்கு? வங்கிக்கு என்றால் அது வியாபாரம். பணத்தை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, ரசீதை அப்புறம் கொண்டுவாருங்கள் என்றால் அது கடன்தான், முராபஹா என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தாலும்.

கேள்வி: தவணை தாமதமானால் இஸ்லாமிய வங்கியும் அபராதம் வாங்குகிறதே?

பதில்: வாங்கலாம், ஆனால் தன் வருமானத்தில் சேர்க்கக் கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும். மலேசியாவில் உண்மையாக ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடாக ஒரு சிறு தொகையை வங்கி எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. மீதி எங்கே போனது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள்.

கேள்வி: ஸுகூக் (வட்டிப் பத்திரத்துக்குப் பதிலான இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரம்) வாங்கியிருக்கிறேன். ஹலாலா, ஹராமா? அவசரம்.

பதில்: எந்த நாடு, யார் வெளியிட்டது, இஜாராவா (வாடகை) முளாரபாவா (ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, லாபத்தில் பங்கு), ஒன்றும் எழுதவில்லை. வாங்குவதற்கு முன் வந்திருக்க வேண்டிய அவசரம் இது. பொதுவாக ஒன்று சொல்லலாம். புழக்கத்தில் இருந்த ஸுகூக்குகளில் 85 சதவீதம் அளவுக்கு ஷரீஆவுக்கு ஒத்துவராதவை என்று 2007இல் பாகிஸ்தான் மார்க்க அறிஞர் முஃப்தி தகி உஸ்மானி சொன்னதாகச் செய்தி வந்து சந்தையே ஆடிப்போனது. பத்திரத்தை வெளியிட்டவர் முகமதிப்புக்கே, அதாவது அதில் எழுதிய விலைக்கே, திரும்ப வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே தரப்பட்ட வாக்குறுதிதான் சிக்கல். நஷ்டத்தில் பங்கில்லாத கூட்டு எப்படிக் கூட்டாகும்? முளாரபா, முஷாரகா (எல்லாரும் முதல் போடும் கூட்டு) ஸுகூக்குகளுக்கு அப்படி வாக்குத் தரக் கூடாது என்று இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு விதிகள் வகுக்கும், பஹ்ரைனில் இருக்கும் ஆயோஃபி அமைப்பு 2008இல் அறிவித்தது. உங்கள் ஆவணத்தில் திரும்ப வாங்கும் பிரிவைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வங்கியின் ஷரீஆ குழுவில் நான்கு பெரிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். சான்றிதழும் காட்டினார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில்: நிறைய வேண்டும். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

ஆலிம்கள் கையெழுத்துப் போட்டது அவர்கள் முன் வைக்கப்பட்ட மாதிரி ஒப்பந்தத்துக்கு. அந்த மாதிரியை வைத்துக் கிளைகளில் நடக்கும் ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை அவர்கள் பார்ப்பதில்லை. வங்கி பொருளை வாங்கிய தேதி, வாடிக்கையாளருக்கு விற்ற தேதிக்குப் பின்னால் இருந்தால் ஃபத்வா (ஆலிம்கள் தந்த மார்க்கத் தீர்ப்பு) எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. அந்தத் தேதிகளைச் சரிபார்ப்பது ஷரீஆ தணிக்கையாளரின் வேலை. ஆலிம்களின் பெயரை விளம்பரத்தில் போடுகிற வங்கிகள் தணிக்கையாளர் யார் என்று ஏன் போடுவதில்லை?

அடுத்தது, சம்பளம். குழுவுக்குப் பணம் கொடுப்பது அதே வங்கி. ஆலிம்களின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. அமைப்பைத்தான் குறை சொல்கிறேன். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பல நாடுகளில், பத்துப் பன்னிரண்டு குழுக்களுக்கும் மேல் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கும்? மலேசியா இதற்குக் கடிவாளம் போட்டது: ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இஸ்லாமிய வங்கிகளின் குழுவில் இருக்க முடியாது. அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஷரீஆவுக்கு மாறாக நடந்தால் 8 ஆண்டுவரை சிறை அல்லது 25 மில்லியன் ரிங்கிட்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பஹ்ரைன் மத்திய வங்கி, வெளியிலிருந்து சுயாதீன ஷரீஆ தணிக்கை வேண்டும் என்கிறது. இப்படி எதுவும் இல்லாத நாட்டில் அந்தச் சான்றிதழ் வங்கி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட நற்சான்று.

ஆகவே வங்கியிடம் முழு ஃபத்வாவைக் கேளுங்கள், ஒரு பக்கச் சுருக்கத்தை அல்ல. கடந்த ஆண்டுத் தணிக்கையில் எவ்வளவு வருமானம் ஆகாதது என்று கண்டு தர்மத்துக்கு ஒதுக்கினார்கள் என்றும் கேளுங்கள். வருடா வருடம் பூஜ்யம் என்று எழுதும் வங்கியைவிட, தவறு கண்டோம், இவ்வளவு ஒதுக்கினோம் என்று எழுதும் வங்கியைத்தான் நம்புவேன். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: எங்கள் ஒப்பந்தத்தில் 'ஷரீஆவுக்கு உட்பட்டு' என்று இருக்கிறது. வழக்கு வந்தால் அதன்படித் தீர்ப்பு வருமா?

பதில்: எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்ற பிரிவைப் படித்தீர்களா? பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும் அதனிடம் கடன்பட்ட பங்களாதேஷின் பெக்ஸிம்கோ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் இப்படித்தான் ஷரீஆவையும் ஆங்கிலச் சட்டத்தையும் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தை ஆள்வது ஏதாவது ஒரு நாட்டின் சட்டமாகத்தான் இருக்க முடியும், ஆகவே ஆங்கிலச் சட்டம் மட்டுமே என்று 2004இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது. 'இது உண்மையில் வட்டி, அதனால் செல்லாது' என்ற கடனாளியின் வாதம் எடுபடவில்லை. 2017இல் ஷார்ஜாவின் டானா காஸ் எரிவாயு நிறுவனம், தான் வெளியிட்ட சுமார் 700 மில்லியன் டாலர் ஸுகூக்கைத் தானே ஷரீஆவுக்கு ஒவ்வாதது என்று சொல்லிக் கைகழுவப் பார்த்ததும் லண்டனில் பலிக்கவில்லை. மலேசியாவில் நிலைமை நேர்மாறு: ஷரீஆ கேள்வி எழுந்தால் மத்திய வங்கியின் ஷரீஆ ஆலோசனை சபைக்கு அனுப்ப வேண்டும், அதன் பதில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். 2019இல் அங்கே உயர்ந்தபட்ச நீதிமன்றமும் பெரும்பான்மையாக இதை ஏற்றது.

கேள்வி: தவர்ருக்கை (தவணைக்குப் பொருள் வாங்கி, உடனே வேறொருவரிடம் ரொக்கத்துக்கு விற்றுப் பணம் பெறுவது) ஒரு நாட்டில் ஆகும் என்கிறார்கள், இன்னொரு நாட்டில் ஆகாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: வங்கியே இரு பக்கமும் ஏற்பாடு செய்யும் தவர்ருக் கூடாது என்று சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) அகாடமி 2009இல் சொன்னது. மலேசியா அனுமதிக்கிறது. என் கருத்து அகாடமியின் பக்கம். உங்கள் வங்கி எந்தப் பக்கம் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கேள்வி: முளாரபா முதலீட்டுக் கணக்கில் முதலுக்கு உத்தரவாதம் உண்டா?

பதில்: இல்லை. உத்தரவாதம் தந்தால் அது முளாரபாவே இல்லை. வங்கி அலட்சியமாகவோ நிபந்தனையை மீறியோ நடந்து நஷ்டம் வந்தால் மட்டும் அதன் பொறுப்பு. மலேசியாவில் வைப்புக் கணக்குக்கு 2,50,000 ரிங்கிட்வரை காப்பீடு உண்டு, முதலீட்டுக் கணக்குக்குக் கிடையாது. உங்களுடையது எது என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இருக்கும்.