அப்பாவின் புல்லட்டை வெட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் அப்பா ஓட்டிய 1986-ஆம் வருஷத்து புல்லட் 350 கல்லிடைக்குறிச்சி வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறேன். அந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு மெக்கானிக் பின்பக்க பிரேமை வெட்டி, ஒற்றை சீட் வைத்து, அகல டயர் மாட்டி புதுத் தோற்றத்தில் தருகிறேன் என்கிறார். பெரியப்பாவோ, 'ஒரு நட்டைக்கூட மாத்தக்கூடாது' என்று நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, வெட்ட மட்டும் விடாதீர்கள். ஆனால் பெரியப்பா சொல்வதுபோல ஒரு நட்டைக்கூட மாற்றாமல் வைத்திருந்தால் அந்த வண்டி தொழுவத்திலேயேதான் நிற்கும். எந்த வேலை செய்வதற்கு முன்னாலும் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நாளைக்கு மனசு மாறினால் இதைப் பழையபடி கழற்றி மாட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம். முடியாது என்றால் வேண்டாம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் காகித வேலையை முடியுங்கள். வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதற்காக விட்டுவிட வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது, இவற்றோடு போய்ப் பாருங்கள். ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார், பிரேமில் அடித்திருக்கும் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார். பிரேமை வெட்டி ஒட்டிய வண்டியை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். தண்டனை வண்டி வைத்திருப்பவருக்குத்தான். வெட்டித் தந்த மெக்கானிக் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அன்றாடம் ஓட்ட அந்தப் பதிவு உதவாது, கண்காட்சி, பேரணி மாதிரியான காரியங்களுக்குத்தான். உங்கள் வண்டிக்கு 2036-ல் 50 வயது. இன்று பிரேமில் கட்டர் பட்டால் அந்த வாசல் அன்றைக்கே அடைபட்டுவிடும்.

சட்டத்தை விடுங்கள். கண்ணால் பார்த்தே சொல்கிறேன். டேங்கைத் துணியால் துடைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தத் தங்கக் கோட்டைப் பாருங்கள். புல்லட் டேங்கில் அந்தக் கோடு சென்னைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் போட்டது. முட்டி ரப்பருக்கு மேலே வளைவு திரும்பும் இடத்தில் கோடு லேசாகத் தடித்து, பிறகு மெலிவது தெரியும். அங்கங்கே பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. மறுபடி பெயின்ட் அடிக்காத டேங்க் என்றால், அந்தக் கோடு இனி யார் எவ்வளவு காசு கொடுத்தாலும் வராது. மேல் பூச்சு மங்கலாக இருந்தால் பாலிஷ் போடுங்கள், அது போதும். ஹெட்லைட் மண்டையும், அதற்கு மேலே இரண்டு பக்கமும் இருக்கும் குட்டி பைலட் லைட்டும், ஆம்ப் மீட்டரும் இருக்கிறபடியே இருக்கட்டும். அந்த மண்டையைத் தூக்கிவிட்டு வட்ட லைட் ஒன்றை மாட்டுவதுதான் இப்போது எல்லாரும் முதலில் செய்கிற வேலை. கழற்றியது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

பெயின்ட், பவுடர் கோட்டிங் என்று கொடுத்தால் இன்னொரு ஆபத்து உண்டு. பிரேமை மணல் வீசிச் சுத்தம் செய்யும்போதோ கிரைண்டர் பிடிக்கும்போதோ சேஸ் நம்பர் மழுங்கிப்போகும். நம்பர் படிக்க முடியாத வண்டி சந்தேகத்துக்குரிய வண்டி. எந்தப் பட்டறைக்குக் கொடுத்தாலும் நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்த பிறகே கொடுங்கள்.

சரி, எதையெல்லாம் மாற்றலாம்? வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டயர், டியூப் இரண்டும் புதிது, அதில் பேச்சே இல்லை. பழைய அளவிலேயே வாங்குங்கள். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள் எல்லாம் புதிது. ஒயரிங் மொத்தமும் புதிதாக இழுத்துவிடலாம். தீப்பொறிக்கு நேரம் வைக்கும் பழைய பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், பழைய பாயின்ட் பிளேட்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அம்பாசமுத்திரம் ரோட்டில் ராத்திரி வருகிறவருக்குப் பழைய மங்கல் பல்பு காணாது, அதனால் எதிரே வருகிறவர் கண் கூசாத நல்ல பல்பு போடுங்கள். இதெல்லாம் ஒரு மத்தியானத்தில் கழற்றிப் பழையபடி மாட்டக்கூடியவை.

இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா என்பதை வண்டியைக் கிளப்பிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கீழே இறக்கி, உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள். கார்பரேட்டரைக் கழுவி, ஆயில் மாற்றி, டிகம்ப்ரஷர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் பிடி) பிடித்து மெதுவாக நாலு கிக் சுற்றிவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். புகை, சத்தம் இரண்டையும் பார்த்துத்தான் போரிங், பிஸ்டன் எல்லாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷரையும் பெட்ரோல் குழாயையும் ஊற வைத்துக் கெடுக்கும். அதனால் ரப்பர் சாமான் எல்லாவற்றையும் இப்போது கிடைக்கும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். மாசக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் வண்டி அது. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நீங்கள் இதுவரை ஓட்டியது எல்லாம் இடது கியர் என்றால், அவசரத்தில் கால் தானாக வலது பக்கம்தான் பிரேக் தேடும். இடது பக்கம் மாற்றித் தருகிறேன் என்று கம்பி இணைப்பு போடுகிறார்கள். அதைவிட, காலை வேளையில் ஆள் இல்லாத ஊர் ரோட்டில் காலுக்குப் பழக்கம் வரும்வரை ஓட்டிவிட்டு, அப்புறம் வண்ணாரப்பேட்டை நெரிசலுக்குள் கொண்டுவருவது நல்லது.

இன்சூரன்ஸ் இல்லாமல் தெருவுக்கு எடுக்காதீர்கள், குறைந்தது மூன்றாம் நபர் பாலிசியாவது வேண்டும். கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் பெயர் எழுதிச் சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டுபோங்கள். ஒற்றை சீட்டில் அவ்வளவு ஆசை இருந்தால், ஏற்கெனவே யாரோ வெட்டிவிட்ட வண்டியை யாராவது வைத்திருப்பார், உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். பாபநாசம் வரைக்கும் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அந்த ஒற்றை சீட் வண்டி ஆகாது.

கேள்வி: வள்ளியூரில் ஒருவர் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் விற்கிறார். '1995 மாடல், அத்தனையும் ஒரிஜினல்' என்று சொல்லிப் புது வண்டி விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் ஒரிஜினல் இல்லை, புதிதாக ஆக்கியது. இரண்டுக்கும் விலை வேறு. பெயின்ட், ஸ்டிக்கர், இண்டிகேட்டர், சைலன்சர் எல்லாம் டூப்ளிகேட் மாட்டி 'ஒரிஜினல்' என்று விற்பது இப்போது ஒரு வியாபாரமாகவே நடக்கிறது. அந்த வண்டிக்கு இருக்கும் மவுசு அப்படி.

இந்தியாவில் ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985 கடைசியில், தயாரிப்பு நின்றது 1996-ல். 1998, 1999-ல் தயாரித்தது என்று ஆர்.சி. சொன்னால் அது வேறு மாடல். இன்ஜின் 98 சி.சி. பிறகு வந்த ஆர்.எக்ஸ். 135-ன் சிலிண்டரைத் தூக்கி இதில் மாட்டியிருப்பார்கள்; இழுவை அதிகம் என்று பெருமையாகவும் சொல்வார்கள். ஆர்.சி.யில் 98 இருக்க வண்டியில் வேறு இருந்தால், ஆய்வில் மாட்டுவது வாங்கிய நீங்கள்தான். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கிக் பண்ணுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும். உள்ளே கரகரவென்று கிராங்க் சத்தம் வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் கிளம்பிவிடுங்கள். நம்பர் அடித்த இடத்தை நகத்தால் தடவுங்கள்: சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த வழவழப்போ, எழுத்து ஒன்று ஏறி ஒன்று இறங்கியோ இருந்தால் வேண்டவே வேண்டாம். அப்புறம் பணகுடிப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். நூறு கிலோ அளவே உள்ள வண்டி அது. அங்கே அடிக்கிற ஆடிக் காற்றில் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தால் பின்பக்கம் ஆடுவது இடுப்பிலேயே தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பது ஆர்.சி.யில் பெயர் உள்ள ஆளிடம் மட்டும். கையெழுத்து போட்ட வெற்றுப் படிவம் நாலு கை மாறி வந்தால் வாங்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி வாங்கி, 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கடன் பாக்கி, அபராத பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் தெரியும்.

கேள்வி: நான் உவரியில் இருக்கிறேன். என் மகன் அவனுடைய ஸ்ப்ளெண்டரில் பின் மட்கார்டைப் பாதி வெட்டி, சேலை கார்டைக் கழற்றி, சத்தம் போடும் சைலன்சர் மாட்டியிருக்கிறான். பின்னால் உட்காரவே பயமாக இருக்கிறது. அவன் கேட்க மாட்டேன் என்கிறான்.

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவது நியாயம். சேலை கார்டு அழகுக்கு வைத்தது இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி இரண்டு பேர் போகும் வண்டியில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு இவை கட்டாயம். பின்னால் இருப்பவர் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி. முந்தானை ஒரு சுற்று சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுக்கும். சேலை கார்டு திரும்பி வரும்வரை அந்த வண்டியில் ஏறாதீர்கள், மகனிடம் காரணத்தையும் சொல்லுங்கள். சைலன்சருக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போகும், லைசென்ஸ் 3 மாதம் முடங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடற்கரை ஊர் ஆகையால் வெட்டிய தகரத்தின் ஓரத்தில் உப்புக் காற்று பட்டு வெகு சீக்கிரம் துரு ஏறும். புது மட்கார்டாகவே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டவுனில் ஒரு பட்டறையில் என்னுடைய பழைய யெஸ்டியைச் சரிசெய்யக் கொடுத்தேன். முன்பணம் வாங்கி மாசக்கணக்கில் இழுத்தார்கள். வண்டி வந்தது, ஆனால் இரண்டு சைலன்சரும் கார்பரேட்டரும் என்னுடையது இல்லை. கேட்டால் 'பழசு எல்லாம் குப்பை' என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: யெஸ்டி தயாரித்த மைசூர் கம்பெனி 1996-லேயே மூடிவிட்டது. அந்தப் பழைய சைலன்சருக்கு என்ன மதிப்பு என்று பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் சாமானை உங்களிடம் கேட்காமல் எடுப்பது சேவைக் குறைபாடு, நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போடலாம்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: முன்பணம் அனுப்பிய ரசீது அல்லது ஜிபே பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது, கொடுக்கும் முன் எடுத்த படம். கல்யாண வீட்டுப் படத்தில் வண்டி பின்னால் நின்றால்கூட அது சாட்சிதான். என்னென்ன சாமான் காணோம், என்ன தொகை, எத்தனை நாளில் வேண்டும் என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்தக் கடிதத்துக்கே சாமான் திரும்பி வரும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை வண்டியை விடும்போது இன்ஜின், கார்பரேட்டர், டேங்க், சைலன்சர் ஒவ்வொன்றையும் பட்டறை வாசலிலேயே படம் எடுத்து, 'கழற்றிய பழைய சாமான் எல்லாம் உரிமையாளரிடம் திருப்பித் தரப்படும்' என்று வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மாட்டேன் என்கிற பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.