நிழல் பேசும் ஊரில் துப்பறிவாளருக்கு என்ன வேலை?

கேள்வி: நான் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஒரு நாவல் எழுதி வருகிறேன். நம் உலகத்தைப் போலவே இருந்தும் நம்முடையதல்லாத ஓர் உலகம், அதில் ஒரு துறைமுக நகரம். அங்கே யார் செத்தாலும் அவருடைய நிழல் மட்டும் 3 நாள் உடம்பை விட்டுப் போகாது. நகரக் காவலில் விசாரணை அதிகாரியாக இருக்கும் என் கதாநாயகிக்கு நிழல்களோடு பேசத் தெரியும். 40 பக்கம் ஆகிவிட்டது (இணைத்திருக்கிறேன்). நிறைய ஆங்கில நாவல் படிக்கும் என் கொழுந்தனிடம் காட்டினேன். "நிழலே கொலைகாரன் பேரைச் சொல்லிடுமே அண்ணி, அப்புறம் துப்பறிய என்ன இருக்கு?" என்று சிரித்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு வரி ஓடவில்லை. மந்திரமும் துப்பறியும் கதையும் சேரவே சேராதா? இன்னொன்று, என் பாத்திரங்களுக்கு எட்வின், மார்த்தா என்றே பெயர் வருகிறது. ஊரும் மழை பெய்யும் லண்டன் மாதிரி ஆகிவிடுகிறது. இருண்ட கதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமா? ரத்தம் எவ்வளவு வரலாம்?

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கொழுந்தன் கேட்டது நல்ல கேள்வி. சிரித்ததுதான் அதிகப்படி. இதே கேள்வியைப் பெரிய பெரிய ஆட்களே கேட்டிருக்கிறார்கள். 1929இல் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது அதில் இரண்டாவது. இத்தனைக்கும் மனிதர் கத்தோலிக்கப் பாதிரியார்!

அறிவியல் புனைகதைக்கும் இதே கதவைத்தான் சாத்தினார்கள். துப்பறிபவர் திடீரென்று ஒரு புதுக் கருவியை எடுத்து நீட்டிவிட்டால் மர்மம் அவ்வளவுதானே என்று ஜான் கேம்பெல் என்ற பத்திரிகை ஆசிரியர் சொல்லி வந்தார். அதற்குப் பதிலாக ஐசக் அசிமோவ் ஒரு நாவலையே எழுதினார். 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' 1953இல் தொடர்கதையாக வந்தது. அந்த உலகத்தில் ரோபோவால் மனிதனைக் கொல்ல முடியாது. கூரை போட்ட மாநகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதனால் தனியே திறந்தவெளியைக் கடந்து போக முடியாது. இந்த இரண்டு 'முடியாது'களையும் வாசகர் கையில் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, இவற்றுக்கு நடுவில் ஒரு கொலையை வைத்தார்.

உங்கள் 40 பக்கத்தையும் படித்தேன். நிழல் என்னவெல்லாம் செய்யும் என்று அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். எதைச் செய்யாது என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் கொழுந்தன் நுழைந்தது அந்தச் சந்தில்தான். அதை அடைப்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிழலுக்கே சொந்தமான குணங்கள் போதும்.

நிழல் எங்கே விழும்? விளக்குக்கு எதிர்ப்பக்கம். ஒரு வியாபாரி மாடவிளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து கணக்கு எழுதினால் அவர் நிழல் முதுகுப் பக்கச் சுவரில் கிடக்கும். பின்னாலிருந்து வந்து குத்தியவனை அது நன்றாகப் பார்த்திருக்கும். அதே விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் முன்னால் மேசையில் விழுந்து கிடக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் கணக்குப் புத்தகமும் சட்டென்று நின்றுபோன பேனாவும்தான். உச்சி வெயிலில் தெருவில் விழுந்து செத்தவரின் நிழல் காலடியில் சுருண்டிருக்கும். கொலைகாரனின் செருப்பைத் தவிர அது எதையும் கண்டிருக்காது. கும்மிருட்டில் நடந்த கொலைக்குச் சாட்சியே கிடையாது. அறையில் இரண்டு விளக்கு எரிந்ததா? அப்படியானால் இரண்டு நிழல், இரண்டு வாக்குமூலம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இப்போது உங்கள் கதாநாயகி அறைக்குள் வந்ததும் நிழலிடம் போக மாட்டாள். விளக்கு எங்கே இருந்தது, எண்ணெய் எவ்வளவு மிச்சம், திரி தானாக அணைந்ததா யாராவது ஊதினார்களா என்று பார்ப்பாள். சுவரில் புகைக்கரி படிந்திருப்பது கிழக்கு மாடத்துக்கு மேலே, விளக்கு இருப்பதோ மேற்கு மாடத்தில். யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். நிழல் என்ன பார்த்திருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுக் கொன்ற ஒருவன். இந்தக் கரித்தடத்தை இரண்டாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பதினைந்தாம் அத்தியாயத்தில் எடுங்கள். வாசகர் பக்கத்தைத் திருப்பிப் போய்ப் பார்த்து, 'அட, சொல்லித்தான் இருக்கிறார்' என்று முணுமுணுக்க வேண்டும்.

இதையும் விடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் கதையில் இருக்கிறது. அது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். நிழல் பேசுவது அவள் ஒருத்திக்குத்தான் கேட்கிறது. அப்படியானால் அவள் சொல்வதை ஊர் ஏன் நம்ப வேண்டும்? லஞ்சம் வாங்கிக்கொண்டு 'நிழல் இன்னார் பெயரைச் சொன்னது' என்று அவள் சொல்ல மாட்டாளா? அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அப்படிச் சொல்லி, ஒரு நிரபராதி தூக்கில் தொங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு நிழல் வாக்கை வழக்கு மன்றம் ஏற்பதில்லை என்று சட்டம் வந்திருக்கலாம். ஆக, கொலைகாரன் யார் என்று ஐம்பதாம் பக்கத்திலேயே அவளுக்குத் தெரியும், மன்றத்தில் சொல்ல வழியில்லை. நிழல் இல்லாமலே நிரூபிக்க வேண்டும், அதுவும் 3 நாளுக்குள். கொழுந்தனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி சூரியனைப் பார்த்து 'கள்வனோ என் கணவன்?' என்று கேட்கிறாள். கள்வன் அல்லன் என்று பதில் வருகிறது. அது போதாதென்று, வெட்டுண்டு கிடந்த கோவலனே எழுந்து நின்று அவள் கண்ணீரைத் துடைக்கிறான். முகம் வாடியதே என்று வருந்துகிறான், இங்கே இரு என்று சொல்லிவிட்டுப் போகிறான். பொற்கொல்லனைப் பற்றி மூச்சே இல்லை! செத்தவனே எழுந்து பேசியும் வழக்கு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பாண்டியன் சபையில் கண்ணகி அந்த வானத்துச் சாட்சியை இழுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. அதற்கப்புறம்தான் சிலம்பு உடைகிறது. இரு தரப்பும் முதலில் சொன்னது, பிறகு சோதித்தது என்ற வரிசையில் ஒரு துளி ஏமாற்று இல்லை. ஊரை எரிக்கும் அளவு சக்தி உள்ளவள் தடயத்தை வைத்து வழக்கை ஜெயித்துவிட்டுத்தான் எரிக்கிறாள்.

வேறொரு வழியும் உண்டு. மந்திரம் ஒருவரிடம், மூளை இன்னொருவரிடம் என்று பிரித்துவிடுவது. ராண்டல் காரட் 1964 முதல் எழுதிய டார்சி பிரபு கதைகள் அந்த ரகம். அரசன் முதலாம் ரிச்சர்டு நிஜ வரலாற்றில் 1199இல் அம்புக் காயத்தால் இறந்தார். இந்தக் கதைகளில் பிழைத்துக்கொள்கிறார். அதனால் இங்கிலாந்தும் பிரான்சும் ஒரே பேரரசாகி இருபதாம் நூற்றாண்டு வரை நீடிக்கிறது. அங்கே மந்திரம் என்பது உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். டார்சிக்கு மந்திரம் துளிகூட வராது. கூடவே வரும் ஷான் என்ற மந்திரவாதி, இந்தத் துப்பாக்கியில் இருந்து வந்த குண்டுதானா, இந்த ரத்தம் இவருடையதுதானா என்று நம்மூர்த் தடய அறிவியல் கூடம் செய்கிற வேலையைச் செய்து அறிக்கை கொடுக்கிறார். யார், ஏன் என்பதை டார்சிதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சுத்தமான ஏற்பாடு. ஆனால் எனக்கு உங்களுடையதுதான் பிடித்திருக்கிறது. கேட்பவளும் யோசிப்பவளும் ஒருத்தியாக இருந்தால்தான், அவள் சொல்வதை நாமே சந்தேகப்படலாம்.

கொலை நடக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கொலை எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடிய சொத்துத் தகராறாக இருக்கிறது. காரணம் அப்படி இருக்கட்டும், ஆசையும் பயமும் எல்லா உலகத்திலும் ஒன்றுதான். ஆனால் கொலையை மறைத்த வழி அந்த உலகத்தில் மட்டும் சாத்தியமானதாக இருக்க வேண்டும். சைனா மியெவில் 2009இல் எழுதிய 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' நாவலில் ஒரே நிலத்தில் இரண்டு நகரங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு நகரத்தார் எதிரில் நடந்து போகும் மற்ற நகரத்தாரைப் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். சிறு வயது முதல் அதற்குப் பழக்குகிறார்கள். பார்த்துவிட்டால் அது கொலையை விடப் பெரிய குற்றம். ஒரு பெண்ணின் பிணம் ஒரு நகரத்தில் கிடக்கிறது, அவள் வாழ்ந்ததோ மற்ற நகரத்தில். எல்லாரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்தப் பழக்கத்துக்குள் ஒளிய இடம் இருப்பது கொலைகாரனுக்குத் தெரியும். பூதம் பேய் ஒன்றும் அதில் கிடையாது, ஆனால் படித்து முடித்த பிறகு பஸ் ஸ்டாண்டில் நாம் யாரையெல்லாம் பார்க்காமல் கடக்கிறோம் என்று எண்ணத் தோன்றும். இருட்டு என்றால் எனக்கு இதுதான். உங்கள் ஊரில் யாருடைய நிழலைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், யாருடையதைக் கேட்காமலே புதைத்துவிடுகிறார்கள்? நிழலை விசாரிக்கக் கட்டணம் உண்டா? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் செத்தால் அதை யார் கட்டுவார்கள்?

ரத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிணத்தை ஒரு முறை நன்றாகப் பார்க்க விடுங்கள், போதும். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் குடல் மூன்று முறை வெளியே வருகிறது. மூன்றாவது முறை எனக்குக் கொட்டாவி வந்தது.

அப்புறம் அந்த எட்வினும் மார்த்தாவும். நாம் படித்து வளர்ந்த துப்பறியும் கதைகள் லண்டன் பனிமூட்டத்தில் நடந்தவை, கை தானாக அங்கே போகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. பி. ஜெலி கிளார்க் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் துப்பறியும் அதிகாரியை 1912ஆம் ஆண்டுக் கெய்ரோவில் உலவ விட்டார். ஜின்கள் நம் உலகத்துக்குள் வந்ததால் வெள்ளைக்காரனைத் துரத்திவிட்டுத் தலைநிமிர்ந்து நிற்கும் கெய்ரோ அது. 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' என்ற அந்த 2021ஆம் ஆண்டு நாவலுக்கு நெபுலா விருது கிடைத்தது.

நீங்கள் எழுதுவதோ துறைமுக நகரம். மறுபடியும் இளங்கோவிடம் போகிறேன் என்று நினைக்காதீர்கள், இந்திரவிழா வரும் பகுதியில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைப் படியுங்கள். ஒன்றில், பண்டப் பொதியைத் திருடியவன் அதைத் தலையில் சுமந்தபடி கழுத்து கடுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பான், இறக்க முடியாது. இன்னொன்று பூத சதுக்கம். போலித் துறவி, துரோகம் செய்யும் அமைச்சர், பொய்ச் சாட்சி சொல்பவர் ஆகியோரை அங்குள்ள பூதம் கயிற்றில் கட்டி அடித்து விழுங்கும். எனக்கு மிகவும் பிடித்தது பாவை மன்றம். அரசன் நீதி தவறினாலோ, வழக்கு மன்றம் ஒரு பக்கம் சாய்ந்தாலோ அங்குள்ள பாவை வாய் திறக்காது, நின்று அழும். எந்த வழக்கு, யார் சாய்ந்தார்கள் என்று சொல்லாது. காலையில் ஒரு காவலாளி வந்து பாவையின் கன்னம் ஈரமாக இருப்பதைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுத் தீர்ப்பான ஏழு வழக்கில் எது தப்பு? இதை நான் உங்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு கறாரான யோசனை. 40 பக்கத்தில் முதல் 22 பக்கம் அந்த உலகத்தின் அரச வம்சம், போர்கள், நாணயம், நாள்காட்டி என்று ஓடுகிறது. பிணம் 23ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். உலகம் என்ன மாதிரி என்பதை விசாரணையே சொல்லிக்கொண்டு போகட்டும். விளக்கைப் பார்த்து அவள் ஏன் முகம் சுளித்தாள் என்று வாசகருக்குக் கேள்வி வந்த பிறகு நிழலின் விதியைச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார். அந்த 22 பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டாம், தனி நோட்டில் வைத்திருங்கள். நாணயத்தின் பெயரும் மூன்றாவது போரும் எங்கேயாவது தேவைப்படும். வம்சாவளி தேவைப்படாது.