தாத்தாவின் துப்பாக்கிக் கட்டைக்கு பாலிஷ் போடலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தாத்தா காலத்து ராணுவத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. குழலைச் சுற்றி மூன்று வளையம், கட்டையின் அடியில் பித்தளைத் தகடு, பக்கத் தகட்டில் கிரீடமும் 1862 என்ற எண்ணும். லைசென்ஸ் அப்பா பெயரில். கட்டை கறுத்துக் கீறல் விழுந்து கிடக்கிறது. புது வீட்டு ஹாலில் மாட்ட ஆசை. ஓசூர் ஆசாரி ஒருவர் தேய்த்து மெலமைன் பாலிஷ் போட 6,000 ரூபாய் கேட்கிறார். பாலிஷ் போட்டால் லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார் தெரிந்த தரகர். செய்யலாமா?"

வேண்டாம். ஆசாரிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும், கட்டையைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிக்கு உரியவை. 39 அங்குலக் குழல், வாய் அகலம் 0.577 அங்குலம். 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா இந்த வகைக்கு வந்ததுதான். கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். அதற்கு வார்னிஷ் போட்டதே இல்லை. ஆளிவிதை எண்ணெயை ஊற வைத்துத் தேய்த்தார்கள், அவ்வளவுதான். இன்று நீங்கள் பார்க்கும் கறுப்பு அந்த எண்ணெயும், கை வியர்வையும், புகையும் நூற்றறுபது வருடம் சேர்ந்து உண்டான நிறம். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினால் திரும்ப வராது.

குழல் காலி என்று உறுதியான பிறகு கட்டையின் வலப்புறத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்ட முத்திரை, சிறு அம்புக்குறி, எண்கள் ஏதாவது மங்கலாகத் தெரியலாம். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படையிலிருந்து கழித்து விற்றது என்று பொருள். இவை மரத்தில் மிக மெல்லிய ஆழத்தில்தான் இருக்கின்றன. உப்புத்தாள் நான்கு முறை போய் வந்தால் காணாமல் போய்விடும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எத்தனை நடுகற்கள்! அதில் ஒன்றை 'பளபளப்பாக்குகிறேன்' என்று யாராவது எழுத்தைத் தேய்த்து எடுத்தால் விடுவீர்களா? இதுவும் அப்படித்தான். இன்னொன்று, தேய்த்த கட்டை பித்தளையின் விளிம்பைவிடப் பள்ளமாகிவிடும். விவரம் தெரிந்தவர் விரலை ஓட்டியதுமே கண்டுபிடித்துவிடுவார், விலையும் அங்கேயே விழும். பிறகு மெலமைன் வெடித்து உரிந்தால் அதை எடுக்க இன்னொரு முறை சுரண்ட வேண்டும்.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். இவர்களால் கெட்ட துப்பாக்கிகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. "கட்டையை ஆசாரியிடம் கொடுங்கள், இரும்பை நான் சுத்தம் செய்து தருகிறேன்" என்பார்கள். திரும்பி வரும்போது குதிரையும் (விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தியல்) பக்கத் தகடும் வேறாக இருக்கும். அடுத்தது "திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கி" என்ற கதை. ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலையும் கண்ணெதிரே இருப்பதால் நம் ஊரில் இது உடனே எடுபடுகிறது. திப்பு இறந்தது 1799இல். அவர் காலத்துத் துப்பாக்கி தீக்கல் உரசிப் பற்றுவது. உங்களுடையது கேப்பு, அதாவது அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி, வைத்து அடிப்பது. உங்கள் தகட்டிலேயே 1862 என்று இருக்கிறதே!

மூன்றாவதுதான் ஆபத்தானது. "இது ஆன்டிக், லைசென்ஸே தேவையில்லை" என்பார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் முழு வாசகத்தை யாரும் படித்துக் காட்டுவதில்லை. வழக்கொழிந்த மாதிரியோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ எதுவானாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்த முடியாததாக இருந்தால்தான் விலக்கு. 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. குதிரை துருவேறி இறுகியிருப்பது போதாது, துருவை எடுத்தால் அது வேலை செய்யும். கேப்பு வைக்கும் முனை உடைந்திருப்பதும் போதாது, புது முனை திருகலாம். குழல் நன்றாக இருக்கும்வரை உங்கள் துப்பாக்கி துப்பாக்கிதான். நீங்களே குழலை அடைத்தோ வெட்டியோ விலக்குத் தேடவும் கூடாது; அந்த வேலைக்கே அனுமதி வேண்டும். லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விற்பதானால் வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் தேவை. ஆசாரியிடம் அது இருக்காது.

இந்த எளிய விஷயத்தைக் கேட்கப் போனால் அலுவலகத்தில் மேசை மேசையாக அனுப்புகிறார்கள், அதனால்தான் மக்கள் தரகரிடம் போகிறார்கள். என்னிடம் வரும் ஒருவர் தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். திரும்பி வந்தபோது கட்டையிலேயே வெள்ளை பெயின்ட்டில் எண் எழுதியிருந்தது. ஒரு அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட முடியாதா? ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் கட்டையின் நிலையையும் எழுதி வாங்குங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் குழல் காலியா என்று தெரிய வேண்டும். இந்த வகைத் துப்பாக்கிகளில் தாத்தா கெட்டித்த மருந்து அப்படியே கிடப்பதுண்டு, கருமருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அப்பாவே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். அதுவரை அதைத் தொட வேண்டாம். ஹாலில் மாட்டவும் வேண்டாம், பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது.

காலி என்று உறுதியான பிறகு மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். பிசுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த துணியில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, கைப்பிடி அளவு இடம், உடனே உலர்ந்த துணி. பித்தளையைத் தேய்க்காதீர்கள். சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் வண்டு உள்ளே இருக்கிறது, அதற்கு மட்டும் என்னிடம் காட்டுங்கள். மரம் மிகவும் வறண்டிருந்தால், பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) நான்கைந்து சொட்டு எடுத்து உள்ளங்கையால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு முறை போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காய வைத்து, விறைத்த பிறகு தூக்கிப் போடுங்கள்.