மீன் எங்கே போகும்?

கேள்வி: சயான் மார்க்கெட்டில் வாவல் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. கேட்டால், "கடல் சூடாயிடுச்சு, மீனே இல்லை" என்கிறார்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் மீனுக்கு என்ன ஆகிவிடும்? குளிர்ச்சியான இடம் பார்த்து நீந்திப் போய்விடாதா? விலையை ஏற்ற இது ஒரு சாக்குதானே?
- தாராவி வாசகர்

பதில்: சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீந்திப் போகலாம், போக இடம் இருந்தால். அட்லாண்டிக் கானாங்கெளுத்தி வடக்கே ஐஸ்லாந்து வரை போய்விட்டது. அரபிக்கடல் மீனுக்கு அந்த வழி இல்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: கிழக்கே நாம், மேற்கே அரேபியா, வடக்கே சுமார் 25 டிகிரி அட்சரேகையிலேயே பாகிஸ்தான், ஈரான் கரை வந்து அடைத்துவிடுகிறது. ஆழத்துக்கு இறங்கலாமே என்பீர்கள். சுமார் 150 மீட்டருக்குக் கீழே 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் அநேகமாக இல்லாத நீர் அடுக்கு இந்தக் கடலில் இருக்கிறது. மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல்.

ஒரு டிகிரி நமக்குத்தான் அற்பம். பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரின் சூடுதான் உடல்சூடு. 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். டிகிரிக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ அதே நேரம் ஆக்சிஜனை இழக்கிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 7.4 மில்லிகிராம் தாங்கும் கடல்நீர், 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான் தாங்கும். சம்பளம் குறைந்து வாடகை ஏறிய வீட்டின் நிலைமை. வளர்ந்த மீன் ஓரளவு சமாளிக்கும். முட்டையும் குஞ்சும் சினை மீனும் தாங்காது. நகரவே முடியாத பவளம் இன்னும் பாவம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி நாலு வாரம் நின்றால் போதும், தனக்கு உணவூட்டும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என நாலு முறை இது நடந்துவிட்டது.

தீனியும் குறைகிறது. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று மேல்நீரைக் குளிரவைக்கும். அது கனத்து இறங்க, அடியிலுள்ள சத்து மேலே வரும். அதில் டயாட்டம் என்ற நுண்பாசி செழிக்கும், அதை நம்பித்தான் மீன். மேல்நீர் சூடாகவே கிடந்தால் இந்தக் கலப்பு நடக்காது. 2000-க்குப் பிறகு வடக்கு அரபிக்கடலில் டயாட்டத்தின் இடத்தை நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிர் பிடித்து வருகிறது. ஜுஹுவில் இரவில் அலை நீலமாக மின்னுவதைப் படமெடுத்து அனுப்புகிறார்களே, பெரும்பாலும் அந்த உயிர்தான். ஜெல்லிமீனுக்கு அது விருந்து. நாம் வாங்கும் மீன்களுக்குப் பெரிய பயன் இல்லை.

கடல் உயர்வது தனிக் கவலை. இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல். உங்கள் பக்கத்து மாஹிம் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேரை நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த வேர் காற்றைத் தொட்டாக வேண்டும். வண்டல் படிந்து தரை உயராத இடத்தில் காடு உள்ளே நகர்ந்தால்தான் பிழைக்கும். உள்ளே இருப்பது சுவரும் ரோடும். இறால் குஞ்சு வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான்.

விலையேற்றம் முழுவதையும் சூட்டின் தலையில் கட்டவும் முடியாது. கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-ல் 3,297 டன்னாகச் சரிந்ததில் சூட்டுக்கும் பங்குண்டு, அளவுமீறிய பிடிப்புக்கும் பங்குண்டு. சிறுகண் வலையில் வாவல் குஞ்சுகள் வாரப்படுவதுதான் இங்கே பெரிய கொடுமை. ஒருமுறைகூட முட்டையிடாத மீன் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் வாவலை மலிவு என்று கூறுகட்டி வைத்திருந்தால் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.